தோப்பூரும் எழுமலையும்: நாளைய வீடுகள் எங்கே எழும்?

ஒரு வட்டாரத்தில் அடுத்த இருபது ஆண்டில் எத்தனை வீடுகள் எழும், எந்தப் பக்கம் எழும் என்று கணிக்க நகரமைப்புத் துறையினர் முதலில் விரிப்பது நில உபயோக வரைபடத்தைத்தான். மஞ்சள் குடியிருப்பு, நீலம் வணிகம், ஊதா தொழிற்சாலை, பச்சை விவசாயம். மஞ்சள் பூசிய பரப்பை அளந்து, சாலைக்கும் பூங்காவுக்கும் கழித்து, மிச்சத்தை மனையளவால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். குடிநீர்க் குழாயின் விட்டமும் பேருந்துத் தடமும் அந்த எண்ணை நம்பித்தான் முடிவாகின்றன. மனை வாங்குகிறவரும் அதை நம்பித்தான் மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தை எடுத்து முன்பணம் கொடுக்கிறார்.

அந்த எண்ணை எவ்வளவு தூரம் நம்பலாம்? மதுரை மாவட்டத்துக்குள்ளேயே இரண்டு இடங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஒன்று, நகரின் தெற்கு விளிம்பில், திருமங்கலம் போகிற வழியில் இருக்கும் தோப்பூர். அங்கும் பக்கத்து உச்சப்பட்டியிலுமாக ஐந்நூறு ஏக்கருக்கு மேல் எடுத்துத் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் துணைக்கோள் நகரம் அமைத்தது. எய்ம்ஸ் மருத்துவமனைக்குக் குறித்த இடமும் அதே தோப்பூர்தான். மற்றது, மதுரைக்கு மேற்கே சுமார் 50 கிலோமீட்டர் தள்ளி, உசிலம்பட்டிக்குத் தென்மேற்கே, மேற்குத் தொடர்ச்சி மலை கண்ணில் படும் மானாவாரிச் சமவெளியில் இருக்கும் எழுமலை. பேரையூர் வட்டத்துப் பேரூராட்சி. தோப்பூருக்குக் கோடுகள் உண்டு. வீடுகள் மெதுவாகத்தான் வருகின்றன. எழுமலையில் வீடுகள் வந்துகொண்டே இருக்கின்றன, கோடுகள்தான் இல்லை.

முதலில் கணக்கைப் போட்டுப் பார்த்துவிடுவோம். பத்து ஏக்கர் புஞ்சை. ஏக்கருக்கு 43,560 சதுர அடி வீதம் 4,35,600 சதுர அடி. மனைப்பிரிவின் உள்சாலைகளுக்கு ஏறக்குறைய 28 விழுக்காடு போகும் என்று வைத்தால் மிச்சம் 3,13,600. தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-இன்படி, இந்த அளவு மனைப்பிரிவில் சாலை நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஓ.எஸ்.ஆர். என்று ஊரில் சொல்வது இதைத்தான். மின்வாரியத்துக்கும் உள்ளாட்சிக்குமாக இன்னும் ஒரு விழுக்காடு. கையில் நிற்பது சுமார் 2,79,000 சதுர அடி. இரண்டே முக்கால் சென்ட், அதாவது 1,200 சதுர அடி மனையாக அறுத்தால் 230 மனைக்குச் சற்று மேல் வரும். தளப்பரப்புக் குறியீடு 2, அதாவது மனைப்பரப்பைப் போல் இரு மடங்கு கட்டலாம் என்பதால் கீழும் மாடியுமாக மனைக்கு இரண்டு குடும்பம் இருக்கலாம். ஆக, வரைபடம் சொல்லும் திறன் 460 வீடு. பத்து ஆண்டு கழித்து அந்தப் பத்து ஏக்கரில் எத்தனை அடுப்பு எரியும் என்பது வேறு கணக்கு.

கோடு போட்டு வீடு எழுப்புவது மதுரைக்குப் புதிதில்லை. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் கோட்டைச் சுவரை இடித்து அகழியைத் தூர்க்கச் செய்தபோதே, இடித்துத் தூர்த்தவர்களுக்கு அந்த இடத்தைக் கொடுத்து வெளி வீதிகளை உண்டாக்கினார். 1915-இல் பேட்ரிக் கெடஸ் என்ற ஸ்காட்லாந்து அறிஞர் மதுரையைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதினார். 1920-இல் சென்னை மாகாண நகரமைப்புச் சட்டம் வந்தது. இன்று நடப்பில் இருப்பது 1971-ஆம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டம். அதன் கீழ் மதுரை உள்ளூர் திட்டப் பகுதிக்கான முழுமைத் திட்டம் 1995-இல் நடைமுறைக்கு வந்தது. அதன் பிறகு நகரம் அந்தக் கோடுகளைக் கேட்டுக்கொண்டு நிற்கவில்லை. 2011-இல் மாநகராட்சி 72 வார்டிலிருந்து 100 வார்டானது. ஆனையூர், அவனியாபுரம், திருப்பரங்குன்றம் நகராட்சிகளும் சில பேரூராட்சிகளும் ஊராட்சிகளும் உள்ளே வந்தன. பரப்பு சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148-ஆக விரிந்தது. அப்படியும் திட்டம் பழையதாகவே இருந்தது. 2044-ஐ இலக்காக வைத்துப் புதிய முழுமைத் திட்டம் தயாரிக்கும் வேலை முப்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகுதான் முனைப்படைந்தது. முப்பது ஆண்டு என்பது ஒரு தலைமுறை வீடு கட்டி முடித்து, அடுத்த தலைமுறை பாகம் பிரிக்கும் காலம்.

தோப்பூருக்கு வருவோம். வரைபடத்தில் அதற்குக் குறை சொல்ல முடியாது. நான்கு வழிச் சாலை பக்கத்திலேயே போகிறது. நிலம் அரசு கையில் இருப்பதால் பட்டாத் தகராறு இல்லை. விதிப்படி சாலை, விதிப்படி பூங்கா. 2019 ஜனவரி 27 அன்று எய்ம்ஸுக்குப் பிரதமர் அடிக்கல் நாட்டிய பிறகு சுற்றுவட்டாரத்தில் தனியார் மனைப்பிரிவுகளின் அலங்கார வளைவுகள் வரிசையாக முளைத்தன. கட்டடம் எழாமலே முதல் அணி மாணவர்கள் 2022-இல் ராமநாதபுரம் மருத்துவக் கல்லூரியில் படிக்கத் தொடங்கினார்கள். தோப்பூரில் கட்டுமானம் வேகமெடுத்தது 2024-இல்தான். இந்த இடைவெளியில் நிலத்தின் விலை ஏறியது, கைமாறியது, மறுபடியும் ஏறியது. மனைக்கற்களுக்கு நடுவே சீமைக்கருவேலை வளர்ந்தது.

இதே வீட்டு வசதி வாரியம்தான் மதுரையில் அண்ணா நகரையும் கே.கே. நகரையும் உண்டாக்கியது. அவை நிரம்பி வழிகின்றன. ஆட்சியர் அலுவலகமும் மருத்துவமனையும் பேருந்தும் எட்டுகிற தூரத்தில் இருந்தன; அங்கே வீடு கட்டியவர் மறுநாள் காலையில் வேலைக்குப் போக முடிந்தது. தோப்பூரில் வீடு கட்டுகிறவர் எந்த வேலைக்கு, எந்தப் பேருந்தில், எந்தத் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவது என்ற கேள்விக்கு மஞ்சள் வண்ணத்தில் விடை இல்லை. சட்டம் அனுமதிப்பது ஒரு கணக்கு. மண்ணும் தண்ணீரும் தாங்குவது இரண்டாவது. குடும்பத்தின் கையிருப்பும் தேவையும் மூன்றாவது. தோப்பூர் வரைபடம் முதல் கணக்கை மட்டும் போட்டு மற்ற இரண்டையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டது.

எழுமலை இதற்கு நேர் எதிர்ப்புறம் நிற்கிறது. 1995-ஆம் ஆண்டுத் திட்டத்தின் எல்லை இவ்வளவு தூரம் நீளவில்லை. நில உபயோக வரைபடத்தை மட்டும் வைத்து வீட்டு வளர்ச்சியைக் கணிக்கிறவர் கண்ணுக்கு எழுமலை வெள்ளைத்தாள். ஆனால் வருவாய்த் துறையின் அ-பதிவேட்டைத் திறந்தால் ஊர் முழுக்க எழுத்தாக நிரம்பிக் கிடக்கிறது: நஞ்சை, புஞ்சை, தரிசு, மேய்ச்சல் புறம்போக்கு, களம், சுடுகாடு, வண்டிப்பாதை, ஓடை, கண்மாய். நடுவில் குடியிருக்க ஒதுக்கிய கிராம நத்தம். நகரமைப்பு என்ற துறை வருவதற்கு முன்பே, குடியிருக்க இது, உழ இது, மாடு மேய இது, தண்ணீர் நிற்க இது என்று வகுத்துவைத்த பிரிப்பு அது. குறை என்னவென்றால், நத்தத்தின் எல்லை நின்ற இடத்திலேயே நிற்கிறது, குடும்பங்கள் நிற்பதில்லை.

குடும்பங்கள் எங்கே போகின்றன என்று தெரிந்துகொள்ள எழுமலைத் தெருக்களில் தலையை நிமிர்த்திப் பார்த்தால் போதும். மொட்டை மாடியின் நான்கு மூலையிலும் தூண்கள் இடுப்பளவு எழும்பி, அதற்கு மேல் கம்பிகள் துருப்பிடித்து நிற்கும். சில இடங்களில் துரு ஏறாமலிருக்கக் காரைப் பால் பூசியிருப்பார்கள்; கம்பி நுனியில் காலிப் பாட்டிலைக் கவிழ்த்திருப்பார்கள். இளைய மகனுக்குக் கல்யாணமானால் மேலே ஒரு வீடு என்று ஒவ்வொரு கம்பிக்கும் ஒரு கணக்கு உண்டு. திருப்பூரிலிருந்தோ கோயம்புத்தூரிலிருந்தோ, வளைகுடாவிலிருந்தோ பணம் வரும் ஆண்டில் அது மேலேறும். மழை பொய்த்த ஆண்டில் அப்படியே நிற்கும். எழுமலையின் வீட்டு வளர்ச்சியை அளக்க விரும்புகிறவர் முதலில் எண்ண வேண்டியது இந்தத் தூண்களை. எந்த அலுவலகத்திலும் அதற்குப் பதிவேடு கிடையாது.

இருக்கும் மனையிலேயே வீட்டைக் கூட்டுவதன் பலத்தை உலகமும் சமீபத்தில்தான் கணக்கெடுத்தது. நியூசிலாந்தின் ஆக்லாந்து மாநகரம் 2016-இல் குடியிருப்பு நிலத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கில் கூடுதல் வீடு கட்டிக்கொள்ள அனுமதித்தது. அந்த ஆண்டில் பத்தாயிரத்தை ஒட்டியிருந்த வீட்டு அனுமதி, 2022-இல் இருபத்தோராயிரத்தைத் தாண்டியது. புதிய வீடுகளில் பெரும்பங்கு, ஏற்கெனவே குழாயும் சாலையும் இருந்த பழைய மனைகளிலேயே எழுந்தது. அங்கே திட்டத்துறையினர் சட்டம் அனுமதிக்கும் வீடு, கட்டினால் கட்டுப்படியாகும் வீடு, உண்மையில் கட்டப்படக்கூடிய வீடு என்று தனித்தனியாக எண்ணுகிறார்கள். முதல் எண் எப்போதும் பெரிது; கடைசி எண் மிகச் சிறிது. நம் ஊரில் மனை விளம்பரத்தில் வருவது முதல் எண்.

எழுமலை நத்தத்தில் மேலே கட்ட மனம் உண்டு, பணமும் சிறுகச் சிறுக வரும். தடை தெரு அகலத்தில் இருக்கிறது. தெருவின் அகலம் குறைந்தால் விதிகள் அனுமதிக்கும் வீடுகளின் எண்ணிக்கையும் குறையும். 2024 ஜூலையில் தொடங்கிய சுயசான்றுத் திட்டம், 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்கு இணையவழியில் உடனடி அனுமதி தருகிறது. எழுமலை போன்ற ஊர்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நத்தத்தில் பாதி வீடு அண்ணன் பெயரிலும் மீதி தாத்தா பெயரிலும் கூட்டுப் பட்டாவாகக் கிடக்கும்போது எந்தத் திட்டமும் வாசலோடு நின்றுவிடுகிறது. வரைபடம் போடுகிறவர்கள் கூட்டுப் பட்டாவையும் ஒரு நில வகையாகவே குறிக்க வேண்டும் என்பேன். தெருவின் வளர்ச்சியை அது கண்மாய்க் கரை அளவுக்கே தடுக்கிறது.

நத்தத்துக்குள் இடம் இல்லாதவர்கள் சாலையோரப் புஞ்சைக்குப் போகிறார்கள். திட்டம் இல்லாத பகுதியில் விவசாய நிலத்தை மனையாக்க 1971 சட்டத்தின் 47-அ பிரிவும், அதன் கீழ் 2017-இல் வந்த விதிகளும் வழி சொல்கின்றன. நஞ்சை என்றால் மாவட்ட ஆட்சியரின் இசைவும் வேண்டும். இந்த முறையில் ஒவ்வொரு புல எண்ணும் தனித்தனி விண்ணப்பம். ஒரு புல எண்ணில் அனுமதி கிடைக்கும். அடுத்ததில் சோளம் நிற்கும். அதற்கடுத்ததில் இன்னொரு மனைப்பிரிவு வரும். இரண்டு மனைப்பிரிவுகளின் சாலைகளும் ஒன்றோடொன்று சேராது. அறுபதடி தள்ளியிருக்கும் வீட்டுக்குப் போக முக்கியச் சாலை வரை வந்து சுற்ற வேண்டும். சாக்கடை எந்தப் பக்கம் சாய்வது என்று யாரும் சேர்ந்து யோசித்திருக்கமாட்டார்கள்.

இதைவிட மோசமான காலமும் இருந்தது. எந்த அங்கீகாரமும் இல்லாமல் கல் நட்டு, பஞ்சாயத்து அப்ரூவல் என்று சொல்லி விற்ற மனைகள் தமிழ்நாடெங்கும் பெருகின. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப் பதிவுக்குத் தடை போட்டது. 2016 அக்டோபர் 20-ஐ வரம்பாக வைத்து 2017-இல் வரன்முறை விதிகள் வந்தன. அந்தத் தேதிக்கு முன் விற்ற மனைகளைக் கட்டணம் கட்டி முறைப்படுத்திக்கொள்ளலாம் என்றார்கள். பத்திரம் முறையானது. தெரு அகலமாகிவிடவில்லை, பூங்காவுக்கு இடம் முளைத்துவிடவில்லை. முறைப்படுத்திய மனைப்பிரிவை வரைபடத்தில் மஞ்சளாகக் காட்டுவதோடு நிறுத்தினால் அந்த இழப்பு மறைந்துபோகும்.

தண்ணீர் விஷயத்தில் எழுமலைக்கு மதுரை நகரமே பாடம். எப்படிக் கட்டக் கூடாது என்பதற்கு அதுவே சாட்சி. உலகனேரிக் கண்மாயில் உயர் நீதிமன்றக் கிளை நிற்கிறது. தல்லாகுளம் என்ற பெயரில் குளம் இருக்கிறது, நிலத்தில் இல்லை. 2024 அக்டோபர் 25 அன்று கொட்டிய மழையில் செல்லூர்க் கண்மாய் நிரம்பி, பந்தல்குடி வாய்க்கால் பொங்கி, சுற்றுப்புற வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியது. தண்ணீர் தன் பழைய பாதையை மறக்கவில்லை என்பதுதான் அன்று தெரிந்தது.

எழுமலைப் பக்கம் அந்தப் பாதைகள் இன்னும் பெரும்பாலும் திறந்தே கிடக்கின்றன. மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஆண்டில் சில நாள்தான் ஓடும். மிச்ச நாளெல்லாம் மணல் படுகை. வண்டி போகும், ஆடு மேயும். இந்த வறண்ட ஓடைதான் மனைப்பிரிவுக்காரர் கண்ணுக்கு முதலில் படும் சமதளம். இதே வட்டாரத்தில் ஐம்பத்தெட்டுக் கிராமக் கால்வாய்க்காகப் பல ஆண்டு போராடி, வைகை அணையிலிருந்து தண்ணீரைக் கண்மாய்களுக்குக் கொண்டுவந்தார்கள். சேடபட்டிப் பகுதி குடிநீருக்கும் வைகையை நம்பியிருக்கிறது. ஒரு பக்கம் அவ்வளவு தூரத்திலிருந்து தண்ணீரைக் கொண்டுவருகிறோம். இன்னொரு பக்கம் மேலிருந்து தானாக இறங்கும் தண்ணீர் நிற்கும் இடத்தில் கல் நடுகிறோம். எழுமலைக்கு வரைபடம் போடுவதென்றால் கண்மாயின் முழுக்கொள்ளளவு எல்லையிலும், மறுகால் பாயும் தடத்திலும், ஓடைகளிலும் தொடங்க வேண்டும். குடியிருப்பு மஞ்சள் கடைசியில் வரட்டும்.

போக்குவரத்தும் கணக்கை மாற்றிக்கொண்டிருக்கிறது. மதுரை – போடி ரயில் பாதை 2010 கடைசியில் அகலப்பாதைக்காக மூடப்பட்டு, 2022 மே மாதம் தேனி வரைக்கும், 2023 ஜூனில் போடிநாயக்கனூர் வரைக்கும் மறுபடி ஓடத் தொடங்கியது. உசிலம்பட்டி நிலையத்தில் இறங்கினால் எழுமலை பக்கம்தான். காலையில் மதுரைக்கு வேலைக்குப் போய் இரவில் ஊர் திரும்பும் குடும்பங்களுக்கு உசிலம்பட்டி – எழுமலைச் சாலையோர நிலம் இன்றைக்கு இருப்பதைவிடப் பெரிய ஆசையாகும். தோப்பூரில் நடந்தது போல விலை முன்னால் ஓடி, வீடு பின்னால் வரக் கூடாது என்றால், வரைபடம் இப்போதே வர வேண்டும்.

எல்லைக்கோடு செய்யும் வேலையையும் மறந்துவிடக் கூடாது. எழுமலை பேரூராட்சி, சுற்றியிருப்பவை ஊராட்சிகள். ஊரக வேலை உறுதித் திட்டமும், குடிசைகளுக்குப் பதிலாக 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் தரும் கலைஞர் கனவு இல்லமும் ஊராட்சிக் குடும்பத்துக்குத்தான். கோட்டுக்கு இந்தப் பக்கம், பேரூராட்சியில் இருப்பவர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தைத் தேடிப் போக வேண்டும். ஆகவே ஏழைக் குடும்பத்தின் அடுத்த வீடு கோட்டுக்கு அந்தப் பக்கம் எழுவதற்குக் காரணம் இருக்கிறது. எந்தத் திட்டமானாலும் சொந்த மனையும் பட்டாவும் கேட்கும். அவை இல்லாதவர் எந்த வரைபடத்திலும் எண்ணப்படுவதில்லை.

இங்கே உத்தப்புரத்தைச் சொல்லாமல் நகர முடியாது. எழுமலைக்குப் பக்கத்து ஊர். 1989-இல் நடந்த கலவரத்துக்குப் பின் தலித் குடியிருப்பைப் பிரித்து நீண்ட சுவர் எழுப்பப்பட்டது. அதன் மேல் மின்கம்பி கட்டியது வெளியே தெரிந்து நாடே பேசிய பிறகு, 2008 மே 6 அன்று அதில் ஒரு பகுதியை மாவட்ட நிர்வாகம் இடித்து வழி திறந்தது. நத்தம், புஞ்சை என்று பதிவேட்டில் எழுதிய பிரிவினைக்கு மேல் யார் எங்கே மனை வாங்கலாம், எந்தத் தெரு வழியாக வீட்டுக்குப் போகலாம் என்ற எழுதாத பிரிவினை ஒன்று இருக்கிறது. ஊருக்குள் காலி மனை கிடக்கும். விற்கிறவரும் இருப்பார். கையில் பணத்தோடு வருகிறவருக்கு மட்டும் அது கிடைக்காது. அந்தக் குடும்பம் ஊருக்கு வெளியே, தண்ணீர் தேங்கும் பள்ளத்தில் போய்க் கட்டும். ஒரு தெருவில் இன்னும் நாற்பது வீடு எழ இடமிருக்கிறது என்று வரைபடம் காட்டும்போது, யாருக்கு என்ற கேள்வியை யாராவது கேட்டே ஆக வேண்டும். புதிய மனைப்பிரிவுச் சாலைகள் பழைய காலனியின் தெருவோடு சேரும்படி அமைய வேண்டும் என்று அனுமதியிலேயே எழுதிவிடலாம். சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. தெருவின் முனையை மூடிவிட்டால் சுவர் கட்டாமலே சுவர் வந்துவிடும்.

இவ்வளவையும் ஒரே தாளில் வரைய முடியுமா? முடியும் என்றே நினைக்கிறேன். புல எண் வாரியான படங்கள் இன்று கணினியில் ஏறிவிட்டன. செயற்கைக்கோள் படத்தில் எழுமலையின் ஒவ்வொரு மொட்டை மாடியும் தெரிகிறது. கண்மாய், ஓடை, மேய்ச்சல் நிலத்தை முதலில் கழித்துவிடலாம். நத்தத்தில் தெரு அகலத்தைப் பொறுத்து எந்த வீடு மேலே ஏறலாம் என்று குறிக்கலாம். கூட்டுப் பட்டாத் தெருக்களை வருவாய்த் துறை தனி முகாம் போட்டுப் பிரித்துக் கொடுக்கலாம். அதற்குப் பிறகு மிஞ்சும் தேவைக்கு மட்டும், குடிநீர்த் தொட்டி எட்டும் தூரத்தில், ஒன்றோடொன்று சேரும் சாலைகளோடு புஞ்சையைத் திறக்கலாம். இந்த முறையில் வரும் எண் விளம்பர எண்ணைவிடச் சிறிதாக இருக்கும். அந்தச் சிறிய எண்ணுக்குப் போட்ட குடிநீர்த் தொட்டி நிரம்பும். பேருந்து காலியாகத் திரும்பாது.

சட்டத்தில் மக்களுக்கு ஒரு வாசல் உண்டு. முழுமைத் திட்ட வரைவை வெளியிட்டால் ஆட்சேபம் சொல்லக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். பெரும்பாலும் அந்த இரண்டு மாதத்தில் வரைவைப் பார்ப்பவர்கள் நிலம் வைத்திருப்பவர்களும் மனை வியாபாரிகளும்தான். எழுமலை வட்டாரத்துக்கு அப்படி ஒரு வரைவு வரும் நாளில், அதைத் தமிழில், புல எண்ணோடு, பேரூராட்சி அலுவலகத்திலும் கிராம நிர்வாக அலுவலர் அலுவலகத்திலும் ஒட்ட வேண்டும். உத்தப்புரம் காலனியின் தெரு முனையிலும் ஒட்ட வேண்டும்.